டிம் போட்டால் ஒரு கண் அணைந்த வண்டி

மார்கழியில் மல்லிகைத் தோட்டக்காரர்களுக்குப் பூ குறைவு, விலை அதிகம். வைகாசியில் மூட்டையாகப் பறித்த அதே அரை ஏக்கரில் மூன்று கிலோ, நான்கு கிலோ தேறினாலே பெரிது. ஆனால் அந்த நான்கு கிலோவை மொட்டு விரிவதற்குள் சந்தையில் சேர்த்துவிட்டால், கோடையில் ஒரு நாள் முழுக்கப் பறித்த பூவுக்கு ஈடான காசு கிடைத்துவிடும். மொட்டு வாய் திறந்துவிட்டால் அந்த விலை இல்லை. அதனால்தான் நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு, பனியில் நடுங்கியபடி, விடிவதற்கு முன்பே செடிக்குள் இறங்குகிறார்கள்.

நிலக்கோட்டைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அப்படிப் பறிக்கும் எட்டு வீட்டுப் பூவையும் சேர்த்து வாங்கிக்கொண்டு சந்தைக்குப் போவது ஒரு விவசாயியின் வழக்கம். முன்பெல்லாம் மொபெட்டில் போனார். இரண்டு வருடங்களுக்கு முன் பழைய கார் ஒன்றை வாங்கினார். பின்சீட்டை மடக்கிவிட்டால் பூ, கத்தரிக்காய், உர மூட்டை எல்லாம் அதில்தான். அந்த ஊருக்கு அது கார் இல்லை, பூ வண்டி.

அன்று விடியற்காலை நாலரை மணி. ஊர் எல்லை தாண்டும்வரை ஹைபீமில் போனார். இரண்டு விளக்கும் நன்றாகவே எரிந்தன. கண்மாய்க் கரையில் பனிமூட்டம். மூட்டத்தில் ஹைபீம் போட்டால் வெளிச்சம் வெள்ளைச் சுவர்போலத் திரும்பி நம் கண்ணிலேயே அடிக்கும். எதிரே வேறு ஒரு சரக்கு வண்டி வருவது தெரிந்தது. முறைப்படி டிம் போட்டார். டிம் போட்ட அந்த நொடியில் அவருடைய வண்டியின் வலது விளக்கு அணைந்துபோனது அவருக்குத் தெரியாது. பனியில் சாலையே மங்கலாகத் தெரியும்போது ஒரு பக்கம் குறைந்ததை யார் கவனிப்பார்கள்?

எதிரே வந்தவருக்குத் தெரிந்தது ஒரே ஒரு விளக்கு. அதுவும் சாலை ஓரமாக. நம் நாட்டில் இடது பக்கமாகப் போகிறோம். எதிரே வருபவருக்குப் பக்கத்தில் இருப்பது நம்முடைய வலது விளக்கு. அது அணைந்து இடது மட்டும் எரிந்தால், ஓரத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் வருகிறது என்றுதான் அவர் நினைப்பார். நடுச்சாலை காலி என்று நம்பி வண்டியை அங்கே விடுவார். அவரும் அப்படித்தான் விட்டார். கடைசி நொடியில் இருவரும் ஒடித்ததில் வலது பக்கக் கண்ணாடி மட்டும் சிதறியது. இன்னும் அரை அடி உள்ளே வந்திருந்தால் போயிருப்பது கண்ணாடி அல்ல.

அவர் வண்டியை ஓரம் கட்டி, ஐந்து நிமிடம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். பிறகு எட்டு வீட்டுப் பூ நினைவுக்கு வந்தது. மெதுவாகச் சந்தைக்குப் போய் எடை போட்டு, காசு வாங்கி, எட்டு மணிக்கு வீடு வந்தார்.

வாசலில் கோலத்துக்குப் பூசணிப்பூ வைத்துக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்து பார்த்தார்.

"என்னங்க, கண்ணாடியக் காணோம்?"

"ஒண்ணுமில்ல. லேசா உரசிருச்சு."

"எங்க உரசுச்சு? யார் மேல?"

அவர் பதில் சொல்லாமல் பம்புசெட் பக்கம் போய்விட்டார். மனைவி உடனே தன் தம்பிக்குப் போன் போட்டார்.

தம்பி பக்கத்து ஊரில் மோட்டார் காயில் கட்டுபவர். கார் மெக்கானிக் இல்லை. ஆனால் கரன்ட் எங்கே போகிறது, எங்கே நிற்கிறது என்று தேடுவதே அவர் தொழில். கிணற்று மோட்டார் ஓடாதபோது நாம் என்ன செய்கிறோம்? எடுத்த எடுப்பில் மோட்டாரைக் கழற்றி காயில் கட்டக் கொடுப்பதில்லை. மூன்று ஃபேஸும் வருகிறதா, ஃபியூஸ் போயிருக்கிறதா, ஸ்டார்ட்டர் பிடிக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுத்தான் மோட்டாருக்குப் போகிறோம். கார் விளக்கும் அதே வரிசைதான். ஆனால் கார் என்றதும் பலருக்கு ஏனோ கை வருவதில்லை. விளக்கு எரியவில்லை என்றால் முதல் வேலையாகப் புது பல்பு வாங்கி வந்துவிடுகிறார்கள்.

மதியம் வந்த மைத்துனர், வண்டியை மோட்டார் ரூம் சுவருக்கு முன்னால் நிறுத்தச் சொன்னார்.

"மாமா, டிம் போடுங்க... இப்ப பிரைட்டு... இப்ப இடது இண்டிகேட்டர்... இப்ப பிரேக்க மிதிங்க."

விவசாயி உள்ளே உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் போட்டார். மைத்துனர் முன்னும் பின்னும் நடந்தார். வலது பக்கம் டிம் மட்டும் இல்லை, பிரைட் எரிகிறது. இடது பக்கம் இரண்டும் எரிகின்றன, ஆனால் மஞ்சளாக, சோர்ந்துபோய். இடது இண்டிகேட்டர் போட்டால் அந்த ஹெட்லைட்டும் கூடவே துடிக்கிறது. இந்த மூன்று விஷயத்தைக் கண்டுபிடிக்க ஒரு ஸ்பேனர்கூடத் தேவைப்படவில்லை. இரண்டு பேர் இருந்தால் போதும். தனியாக இருப்பவர் இருட்டியபின் சுவருக்கு முன்னால் நிறுத்திப் பார்த்துக்கொள்ளலாம்.

பழைய வண்டிகள் பலவற்றில் இருப்பது எச்4 என்ற மூன்று கால் ஹாலஜன் பல்பு. ஒரே பல்புக்குள் இரண்டு இழை. டிம்முக்கு 55 வாட், பிரைட்டுக்கு 60 வாட். ஓர் இழை அறுந்து மற்றது எரிவது சாதாரணமாக நடப்பது. அதனால் பிரைட் எரிகிறது என்பதை வைத்து பல்பு நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது. இந்த விவசாயி தினமும் கிளம்பும்போது பார்த்ததும் பிரைட்டைத்தான்.

பல்பைச் சோதிக்கப் புதிதாக எதையும் வாங்கவில்லை. இடது பல்பை வலதில் மாட்டிப் பார்த்தார் மைத்துனர். அப்போதும் வலதில் டிம் எரியவில்லை. வலது பல்பை இடதில் மாட்டினால் அங்கே டிம் எரிந்தது. ஆக, பல்பில் குற்றமில்லை. இந்தச் சோதனைக்குப் பத்து நிமிடம் ஆனது. விளக்கை அணைத்து, சூடு ஆறவிட்டு, பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றிவிட்டுத்தான் கை வைத்தார்கள். பல்பின் கண்ணாடியை விரலால் தொடவில்லை, சுத்தமான துணியால் பிடித்தார்கள். விரலில் உள்ள எண்ணெய்ப் பசை கண்ணாடியில் ஒட்டினால் அந்த இடம் மட்டும் கூடுதலாகச் சூடேறி, பல்பின் ஆயுள் குறைந்துவிடும். "புது பல்பு ஒரு மாசம்கூட வரல" என்று கடைக்காரரைத் திட்டுபவர்களில் சிலர், அதை மாட்டியபோது எங்கே பிடித்தோம் என்று ஒருமுறை யோசித்துப் பார்க்கலாம்.

அடுத்து ஃபியூஸ் பெட்டி. மூடியின் உள்பக்கத்தில் எந்த ஃபியூஸ் எதற்கு என்று படம் இருக்கும். பல வண்டிகளில் வலது டிம்முக்கும் இடது டிம்முக்கும் தனித்தனி ஃபியூஸ். ஒன்று போனாலும் மற்றது எரிய வேண்டும் என்பதற்காகத்தான் அப்படி. இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் போயிருந்தால் ரிலே, ஸ்விட்ச் போன்ற பொதுவான இடங்களைச் சந்தேகிக்க வேண்டும். ஹாரன் ரிலேயும் ஹெட்லைட் ரிலேயும் ஒரே வகையாக இருக்கும் வண்டிகளில், இரண்டையும் இடம் மாற்றிப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஒரு பக்கம் மட்டும் போனால் அந்தப் பக்கத்து ஃபியூஸ், பல்பு, சாக்கெட், ஒயர், எர்த்.

வலது டிம் ஃபியூஸை இழுத்துப் பார்த்ததும் மைத்துனர் பேச்சை நிறுத்திவிட்டார். சிவப்பு நிற 10 ஆம்பியர் ஃபியூஸின் இரண்டு காலையும் சேர்த்து, தலைமுடி போன்ற செம்புக் கம்பிகளை முறுக்கிச் சுற்றியிருந்தது.

"இத யாரு மாமா சுத்துனது?"

"பத்து நாள் முன்ன லைட்டு எரியல மச்சான். ரோட்டோரத்துல ஒரு கடையில காட்டுனேன். அவரு ஃபியூஸ் கைவசம் இல்லன்னு ஏதோ சுத்தி விட்டாரு. எரிஞ்சுச்சு, வந்துட்டேன்."

"உங்க மோட்டார் ஃபியூஸ் கேரியர்ல இப்படி நாலு இழையச் சேத்துக் கட்டுனா என்ன ஆகும்?"

"மோட்டார் கருகும்."

"இங்க மட்டும் கருகாதா?"

ஃபியூஸ் என்பது கருகுவதற்கென்றே வைத்திருக்கும் பொருள். 55 வாட் பல்பு இழுப்பது ஐந்து ஆம்பியருக்குள். 10 ஆம்பியர் ஃபியூஸ் போகிறது என்றால், அந்தக் கோட்டில் எங்கோ கரன்ட் வழி தப்பிப் போகிறது என்று பொருள். அதைத் தேடாமல் செம்புக் கம்பி சுற்றினால், அடுத்துக் கருகப்போவது ஒயர். மனைவி குறுக்கே புகுந்தார்: "நாலு நாளா வண்டிக்குள்ள பிளாஸ்டிக் தீயிற வாட வருதுன்னு சொன்னேன்ல? பூ வாடதான்னு சொன்னாரு." விவசாயி எதுவும் பேசவில்லை.

பேட்டரிக்குப் பின்னால் இறங்கும் ஒயர்க்கட்டை விலக்கிப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. எலி. வைக்கோலும் துணி நூலும் சேர்த்து ஒரு கூட்டின் தொடக்கம் அங்கே இருந்தது. நான்கு ஒயர்களில் மேல்தோல் கடிபட்டிருந்தது. நம் வயல் எலிக்கு ஒயர் உணவு இல்லை. அதன் முன்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. எதையாவது கொறித்துத் தேய்த்தே ஆகவேண்டும். மார்கழிக் குளிரில் ஓடி நின்ற எஞ்சினின் கதகதப்பு வேறு. நெல் அறுவடை முடிந்து வயல் காலியாகும்போது எலி வீட்டுப் பக்கம் ஒதுங்கும் என்பது எல்லா விவசாயிக்கும் தெரியும். அது பானெட்டுக்குள்ளும் ஒதுங்கும் என்பதைத்தான் மறந்துவிடுகிறோம்.

நடந்தது இதுதான். கடிபட்ட டிம் ஒயர் வண்டி உடம்பின் தகரத்தில் அவ்வப்போது உரசியிருக்கிறது. ஃபியூஸ் அதன் வேலையைச் செய்து போயிற்று. செம்புக் கம்பி சுற்றியபின், ஒவ்வோர் உரசலுக்கும் ஒயர் பழுத்திருக்கிறது. பக்கத்து ஒயர்களின் தோலும் உருகி ஒட்டியிருக்கிறது. கடைசியில் அந்த ஒயர் இற்று அறுந்தது. அறுந்ததால்தான் விளக்கு அணைந்தது. அறுந்தது நல்லதாகவும் போயிற்று. அதற்கு ஒரு சாண் தள்ளித்தான் பெட்ரோல் குழாய் போகிறது.

இந்த இடத்தில் மைத்துனர் செய்த ஒரு காரியத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். அறுந்த ஒரு ஒயரை மட்டும் முறுக்கி டேப் ஒட்டியிருந்தால் அரைமணியில் விளக்கு எரிந்திருக்கும். அவர் செய்யவில்லை. "உருகுன ஒயர்க்கட்டு என் வேல இல்ல மாமா. இத ஆட்டோ எலக்ட்ரீஷியன்தான் பிரிச்சு, அளவு பாத்து மாத்தணும். அதுவரைக்கும் இந்த ஃபியூஸ் கழண்டே இருக்கட்டும், ராத்திரி வண்டி எடுக்க வேணாம்" என்று சொல்லிவிட்டார். வீட்டில் எவ்வளவு தூரம் பார்க்கலாம், எங்கே கையை எடுத்துவிட வேண்டும் என்று தெரிந்துகொள்வதும் பழுது பார்ப்பதில் பாதி. மறுநாள் பகலில் ஒயர்க்கட்டை மாற்றியாயிற்று. அதுவரை பூ மொபெட்டில் போயிற்று.

இடது பக்கம் வீட்டிலேயே முடிந்தது. மஞ்சள் வெளிச்சமும், இண்டிகேட்டரோடு சேர்ந்த துடிப்பும் எர்த் கெட்டதற்கான அடையாளம். பிளஸ் வழியாக வந்த கரன்ட் மைனஸுக்குத் திரும்ப நேர்வழி கிடைக்காமல் பக்கத்து விளக்குகளின் வழியே சுற்றிப் போகப் பார்க்கும். சோதனை எளிது. விளக்கை எரியவிட்டு, ஒரு தனி ஒயரை பேட்டரியின் மைனஸிலிருந்து அந்த ஹெட்லைட்டின் எர்த் முனைக்குத் தொட்டார்கள். விளக்கு சட்டென்று வெள்ளையாயிற்று. பேட்டரித் தட்டுக்குக் கீழே தகரத்தில் முடுக்கியிருந்த எர்த் போல்ட் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துக் கிடந்தது. அமிலப் புகை செய்த வேலை. போல்ட்டைக் கழற்றி, வெந்நீர் ஊற்றிக் கழுவித் துடைத்து, உப்புத்தாளால் தகரம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, மறுபடி இறுக்கி, மேலே கிரீஸ் தடவினார்கள். செலவு இல்லை.

ஹாலஜன் பல்புக்குப் போகும் வோல்ட் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் குறையும். லோ வோல்டேஜில் தண்ணீர் எப்படிக் கொட்டும் என்று பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. வீட்டில் மல்டிமீட்டர் இருந்தால் எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 14 வோல்ட் அளவில் இருக்கிறதா என்று பார்க்கலாம். பிறகு விளக்கை எரியவிட்டு, பேட்டரி மைனஸுக்கும் விளக்கின் எர்த்துக்கும் இடையே அளந்தால் அரை வோல்ட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் துரு, தளர்ந்த போல்ட், கருகிய சாக்கெட் இவற்றில் ஒன்று. மீட்டர் இல்லாதவர் பழைய 12 வோல்ட் இண்டிகேட்டர் பல்பில் இரண்டு ஒயர் கட்டி டெஸ்ட் லாம்ப் ஆக்கிக்கொள்ளலாம். ஒன்று கவனம்: சில வண்டிகளில் ஹெட்லைட் ஸ்விட்ச் மைனஸ் பக்கம் இருக்கும். அங்கே டெஸ்ட் லாம்ப் காட்டுவது தலைகீழாகத் தெரியும். அந்த வண்டிகளில் எர்த் முனைக்கு ஒயர் தொடும் சோதனையும் பொருந்தாது. வண்டியோடு வந்த புத்தகத்தைப் பார்த்துவிட்டு ஆரம்பிப்பது நல்லது.

விவசாயிக்கு அன்றிருந்த பயத்தில் வேறோர் ஆசையும் வந்தது.

"மச்சான், இந்த வெள்ள எல்.இ.டி. பல்பு ரெண்டு போட்ருவமா? இல்லாட்டி நூறு வாட்டு? பகல் மாதிரி இருக்குமாம்ல?"

"உங்களுக்குப் பகல் மாதிரி இருக்கும். எதுக்க வர்றவனுக்குக் கண்ணு அவிஞ்சுரும். அன்னிக்கு வந்தவன் உங்களப் பாக்காம வந்தான், இனிமே கண்ணு கூசி வருவான். பரவால்லயா?"

ஹாலஜனுக்கென்று வடித்த கிண்ணத்தில் இழை இருக்கும் இடத்தை வைத்துத்தான் வெளிச்சம் சாலையில் விழுகிறது. வேறு வகை பல்பைத் திணித்தால் வெளிச்சம் சிதறி மேலே போகும். பளிச்சென்று தெரிவது பெரும்பாலும் பக்கத்துத் தரைதான். 100 வாட் பல்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு கரன்ட் இழுக்கும். பழைய ஒயரும் சாக்கெட்டும் தாங்காது, கிண்ணத்தின் பூச்சும் கருகும். ஏற்கெனவே ஒருமுறை ஒயர் உருகிய வண்டி அது. அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

உண்மையில் அந்த வண்டிக்குக் குறைந்திருந்த வெளிச்சம் வேறோர் இடத்தில் இருந்தது. விளக்கின் முன்மூடி கண்ணாடி அல்ல, பிளாஸ்டிக். வெயில் பட்டுப் பட்டுப் பழைய பாலிதீன் தாள்போல மஞ்சளாகிவிட்டிருந்தது. சுற்றிலும் பெயின்டில் கீறல் படாமல் டேப் ஒட்டி, தண்ணீர் தெளித்துக்கொண்டே 1000, பிறகு 2000, பிறகு 3000 எண் வாட்டர் பேப்பரால் தேய்த்து, பாலிஷ் போட்டபோது பழைய தெளிவு முக்கால்வாசி திரும்பியது. பற்பசை போட்டுத் தேய்ப்பவர்கள் உண்டு. அன்றைக்குப் பளபளக்கும். எதில் தேய்த்தாலும், மேலே வெயிலைத் தடுக்கும் பூச்சு அடிக்காவிட்டால் சில மாதங்களில் மறுபடி மஞ்சள்தான். தேய்க்கும்போது நாம் எடுத்துவிடுவது அந்தப் பாதுகாப்புப் பூச்சின் மிச்சத்தையும் சேர்த்துத்தான்.

எல்லாம் முடிந்து, இருட்டியபின் வெளிச்சத்தின் உயரத்தைச் சரிபார்த்தார்கள். இதற்கு விவசாயி வீட்டைப்போல வசதியான இடம் வேறில்லை. நெல் காயப்போடும் சிமென்ட் களம் சமதளம். அதன் ஓரத்தில் மோட்டார் ரூம் சுவர். டயரில் காற்று சரியாக இருக்கவேண்டும், ஓட்டுநர் இருக்கையில் ஒருவர் உட்காரவேண்டும். சுவரிலிருந்து விளக்குவரை 25 அடி அளந்து வண்டியை நேராக நிறுத்தினார்கள். தரையிலிருந்து விளக்கின் நடுவரை உள்ள உயரத்தைச் சுவரில் சுண்ணாம்பால் ஒரு கோடு. அதற்கு 3 அங்குலம் கீழே இன்னொரு கோடு. டிம் வெளிச்சத்தின் மேல் விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல இருக்கும், இடது பக்கம் மட்டும் கொஞ்சம் ஏறும். ஓரத்தில் நடப்பவர் தெரிவதற்காக அந்த ஏற்றம். அந்த விளிம்பின் சமமான பகுதி இரண்டாவது கோட்டில் நிற்கவேண்டும். 100க்கு 1 என்ற சரிவு கணக்கு இது. சில வண்டிகளில் விளக்கின் மேலேயே எத்தனை சதவீதம் என்று பொறித்திருக்கும், அப்படியிருந்தால் அதுவே கணக்கு. இந்த வண்டியில் வலது விளக்கு கோட்டுக்கு அரை அடி மேலே போய்க்கொண்டிருந்தது. எப்போதோ பம்பர் கழற்றி மாட்டியபோது தப்பியிருக்கவேண்டும். பின்பக்கத் திருகைத் திருப்பி இறக்கினார்கள்.

அப்போது மனைவி ஒரு கேள்வி கேட்டார்: "டிக்கில உர மூட்ட ஏத்துனா மூக்கு தூக்குமே, அப்ப?"

மைத்துனருக்கே அது தோன்றவில்லை. வீட்டிலிருந்த மூன்று டி.ஏ.பி. மூட்டைகளைத் தூக்கி வைத்துப் பார்த்தார்கள். 150 கிலோ. சுவரில் இருந்த வெளிச்சக் கோடு முதல் சுண்ணாம்புக் கோட்டையும் தாண்டி ஏறி நின்றது. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் 0, 1, 2, 3 என்று எண் போட்ட சிறு சக்கரம் இருப்பதை விவசாயி இரண்டு வருடமாகப் பார்த்திருக்கிறார், எதற்கென்று தெரியாது. அதை 2க்குத் திருப்பியதும் வெளிச்சம் பழையபடி கீழே இறங்கியது. பாரம் ஏற்றினால் எண்ணைக் கூட்ட வேண்டும், இறக்கியதும் 0க்குத் திருப்ப வேண்டும். அவ்வளவுதான்.

பொங்கலுக்கு மகளும் மருமகனும் பேரனும் புது காரில் வந்தார்கள். முன்னால் இரண்டு பக்கமும் புருவம்போல வெள்ளைப் பட்டை விளக்கு. பகலில் எதிரே வருபவர் கண்ணுக்கு வண்டி தெரிவதற்காக எரிவது. டி.ஆர்.எல். என்று சொல்கிறார்கள், பகல் விளக்கு என்று வைத்துக்கொள்வோம். பைக்குகளில் 2017 ஏப்ரல் முதல், எஞ்சின் ஓடினாலே முன்விளக்கு எரியும் ஏற்பாடு வந்துவிட்டது. பழக்கம் இல்லாமல் "லைட்டு எரியுது" என்று கையை விரித்து விரித்து மூடிக் காட்டியவர்கள் நம் ஊர்ச் சாலையில் எத்தனை பேர்! கார்ப் பகல் விளக்கிலும் அதே குழப்பம் உண்டு. இடது இண்டிகேட்டர் போட்டால் இடது பட்டை அணைகிறது, பழுதோ என்று மருமகன் கவலைப்பட்டார். பழுதில்லை. இண்டிகேட்டர் தெளிவாகத் தெரிய அப்படி வைத்திருக்கிறார்கள். ஹெட்லைட் போட்டால் பட்டை மங்குவதும், சில வண்டிகளில் ஹேண்ட் பிரேக் இழுத்தால் அணைவதும் அந்த வகைதான். ஒரு பக்கம் எப்போதுமே எரியாவிட்டால் ஃபியூஸைப் பார்க்கலாம், சாக்கெட் கழன்றிருக்கிறதா என்று பார்க்கலாம், உள்ளே தண்ணீர் நிற்கிறதா என்று பார்க்கலாம். அதற்குமேல் அது தனியாகக் கழற்றி மாட்டும் பல்பு அல்ல. வாரன்டி இருக்கும் வண்டியில் ஒயரை வெட்டினால் வாரன்டியும் போய்விடும்.

மாட்டுப்பொங்கல் அன்று மாலை ஆறேகாலுக்கு அவர்கள் கிளம்பினார்கள். மெயின் ரோடுவரை வழியனுப்ப விவசாயி மொபெட்டில் பின்னாலேயே போனார். பொழுது சாய்ந்து, வெளிச்சமும் இல்லாத இருட்டும் இல்லாத நேரம். திருப்பத்தில் காரின் முன்பக்கம் பளிச்சென்று தெரிந்தது. நேராகத் திரும்பியதும் பின்பக்கத்தைப் பார்த்தார். ஒன்றுமே இல்லை. சாம்பல் நிறக் கார், சாம்பல் நிறச் சாலை, ஒரு சிவப்புப் பொட்டுகூட எரியவில்லை. பின்சீட்டில் பேரன்.

ஹாரனை அழுத்திப் பிடித்தபடி முன்னால் போய் மறித்தார்.

"மாப்பிள்ளை, லைட்டப் போடல நீங்க!"

"எரியுதே மாமா, பாருங்க. மீட்டர்கூட எரியுது."

"கொஞ்சம் எறங்கி வாங்க. பின்னாடி வந்து பாருங்க."

மருமகன் இறங்கிப் பின்னால் போய் நின்றார். சில நொடிகள் அப்படியே நின்றார். பல வண்டிகளில் பகல் விளக்கு முன்னால் மட்டும்தான். பின்சிவப்பு விளக்கு, ஹெட்லைட் அல்லது பார்க்கிங் விளக்கு ஸ்விட்சைப் போட்டால்தான் எரியும். முன்னால் வெளிச்சமும் மீட்டரில் வெளிச்சமும் இருப்பதால் ஓட்டுபவருக்குச் சந்தேகமே வராது. ஸ்விட்சில் ஆட்டோ என்ற நிலை இருக்கும் வண்டியில் அதில் வைத்துவிடலாம். அப்போதும் மழையிலும் பகல் மூட்டத்திலும் அதை நம்பாமல் கையால் போடுவதே நல்லது. அந்த நேரத்தில் மெயின் ரோட்டில் கரும்பு லோடும் லாரியும் வந்துகொண்டிருந்தன.

மருமகன் ஸ்விட்சைத் திருப்பினார். பின்னால் இரண்டு சிவப்பு விளக்கும் எரிந்தன. "வாங்க மாமா, நான் கவனிக்கவே இல்ல" என்றார். ஒரு மாதத்துக்கு முன் தான் எந்த நிலையில் இருந்தோம் என்பதை விவசாயி அப்போதுதான் முதன்முறையாக மருமகனிடம் சொன்னார், கண்ணாடி எப்படி உடைந்தது என்பது உட்பட. காரின் உள்ளே இருந்த மகளுக்கும் அது கேட்டது. அன்றிரவே அம்மாவுக்குப் போன் போய்விட்டது.

இப்போது பூ வண்டி கிளம்பும் முன் வீட்டம்மாதான் முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை நடக்கிறார். நெற்றி டார்ச்சை அணைத்துவிட்டுத்தான் பார்க்கிறார். டிம், பிரைட், இண்டிகேட்டர், பிரேக். வாரத்துக்கு ஒருநாள் பானெட்டைத் திறந்து வைக்கோல் ஏதும் கிடக்கிறதா என்று பார்ப்பதும் அவர்தான். பெட்டியில் சிவப்பு ஃபியூஸ் நான்கு வாங்கி வைத்திருக்கிறார்கள். புதுக் கண்ணாடி மட்டும் இன்னும் சரியாக நிற்கவில்லை. வாழைநாரால் ஒரு சுற்றுக் கட்டியிருக்கிறது.

"ரெண்டும் எரியுது, போங்க" என்கிறார். வண்டி கிளம்புகிறது.